எல்லோருக்கும் ஒரே பரீட்சை

குரோய்டனில் இரண்டு கட்டடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று வெல்லஸ்லி வீதியில் நிற்கும் லூனார் ஹவுஸ். மனிதன் நிலவில் இறங்கிய காலத்தில் கட்டப்பட்டு, நிலவின் பெயரையே சூட்டிக்கொண்ட இருபது மாடிக் கட்டடம். ஹோம் ஒபிஸின் குடிவரவுப் பிரிவு அங்கேதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்திறங்கிய எத்தனையோ பேர் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி வரிசையில் நின்ற இடம். மற்றது, மேற்குக் குரோய்டன் ரயில் நிலையத்தைத் தாண்டி லண்டன் வீதியில் இருக்கும் மொன்டேகு கோர்ட். தென் லண்டனுக்கான தொழில் தீர்ப்பாயம் அமரும் இடம். முதலாவதைப் பற்றி எங்கள் வீடுகளில் ஆளுக்கொரு கதை இருக்கிறது. இரண்டாவதைப் பற்றிக் கேட்டால், "கேஸ் போட்டு என்னத்தைக் காணப்போறம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த இரண்டாவது கட்டடத்தில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். "உன் நிறத்துக்கு இங்கே வேலை இல்லை" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் அது பாகுபாடு என்பது யாருக்கும் விளங்கும். சட்டம் அதை நேரடிப் பாகுபாடு என்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே பரீட்சை, ஒரே வயதெல்லை, ஒரே தகைமை என்று ஒரு நிறுவனம் சொன்னால் அங்கே பாகுபாடு எப்படி இருக்க முடியும்? இந்தக் கேள்விக்குப் பிரித்தானியச் சட்டம் தெளிவான விடை சொல்ல ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. அதற்கு முன்பே அந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் எழுப்பியவர்களில் ஒருவர் கேகாலைக் கச்சேரியில் வேலை பார்த்த ஒரு தமிழ் எழுதுவினைஞர்.

கோடீஸ்வரன் வழக்கு

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம், நாங்கள் தனிச்சிங்களச் சட்டம் என்று சொல்வது, மிகச் சிறியது. அதில் தமிழர் என்ற சொல்லே கிடையாது. சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்றது, அவ்வளவுதான். வேலைத்தலத்தில் அதன் பொருள் என்ன என்பதைப் பிறகு வந்த சுற்றறிக்கைகள் சொல்லின. 1961 டிசம்பரில் திறைசேரி வெளியிட்ட 560ஆம் இலக்கச் சுற்றறிக்கையின்படி, அரசாங்க உத்தியோகத்தர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். இல்லாவிட்டால் வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும்.

செ. கோடீஸ்வரன் அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே சேவையில் சேர்ந்தவர். ஆங்கிலத்தில் நியமனம் பெற்று, ஆங்கிலத்தில் வேலை செய்து, பதவி உயர்வும் கண்டவர். அவர் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962இல் அவருக்கு வரவேண்டிய ஏற்றம் வரவில்லை. அந்தக் காலத்தில் பல தமிழ் உத்தியோகத்தர்கள் முன்கூட்டியே ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனார்கள். சிலர் சிங்களம் படித்துச் சித்தியடைந்தார்கள். கோடீஸ்வரன் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

அவர் கையில் இருந்த ஆயுதம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு. எந்த ஒரு சமூகத்தவருக்கும், மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத தடையை ஏற்படுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்பது அதன் சாரம். ஆனால் அந்த ஆயுதம் ஏற்கனவே ஒருமுறை முனை மழுங்கியிருந்தது. மலையகத் தமிழரின் வாக்குரிமை பற்றிய கோடக்கன் பிள்ளை வழக்கில், குடியுரிமைச் சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, குடியுரிமைக்குத் தகுதி வகுப்பது எந்த நாட்டுக்கும் உரியது என்று பிரிவி கவுன்சில் 1953இல் தீர்ப்பளித்திருந்தது. நேராகச் செய்யக்கூடாததைச் சுற்றிவளைத்துச் செய்யும் சட்டமும் செல்லாது போகலாம் என்று அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. ஆனால் குடியுரிமைச் சட்டம் அப்படிப்பட்டதல்ல என்றும் முடிவு செய்தது.

1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் கோடீஸ்வரனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அரசகரும மொழிச் சட்டமே 29ஆம் பிரிவுக்கு முரணானது, ஆகவே அதன்கீழ் வந்த சுற்றறிக்கையும் செல்லாது என்றார். ஓர் எழுதுவினைஞரின் சம்பள ஏற்றத்திலிருந்து தொடங்கிய வழக்கு நாட்டின் மொழிச் சட்டத்தையே ஆட்டியது. அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர்நீதிமன்றம் பாகுபாடு பற்றிய கேள்விக்குள் போகவே இல்லை. அரச ஊழியர் ஒருவர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மேல் வழக்குப் போட முடியாது என்று சொல்லி வழக்கைத் தள்ளியது.

வழக்கு லண்டனுக்கு வந்தது. டவுனிங் வீதியில் அமர்ந்த பிரிவி கவுன்சிலில், 1969 டிசம்பரில் டிப்ளொக் பிரபு தீர்ப்பை வாசித்தார். இலங்கையில் நிலவும் சட்டப்படி அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக வழக்குப் போடலாம் என்றது தீர்ப்பு. 29ஆம் பிரிவு பற்றிய கேள்வியை இலங்கை உயர்நீதிமன்றமே விசாரித்து முடிவு செய்யட்டும் என்று திருப்பி அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவே இல்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இன் குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இல்லை. எல்லோருக்கும் ஒரே பரீட்சை வைப்பது பாகுபாடாகுமா என்ற கேள்வி பதில் பெறாமலே புதைந்துபோனது.

வட கரோலினாவிலிருந்து வந்த விடை

கோடீஸ்வரன் வழக்கு டவுனிங் வீதிக்கு வந்த அந்த ஆண்டுகளில் பிரித்தானியாவின் சொந்தச் சட்டமும் தடுமாறிக்கொண்டுதான் இருந்தது. 1963இல் பிரிஸ்டல் நகரில் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் பஸ் நடத்துநராகவோ சாரதியாகவோ எடுக்க மாட்டோம் என்ற பஸ் கம்பனிக்கு எதிராக மக்கள் நான்கு மாதம் பஸ் ஏறாமல் போராடி வென்றார்கள். கம்பனி செய்தது அன்றைக்குச் சட்டவிரோதம் அல்ல. 1965இல் வந்த முதலாவது இன உறவுகள் சட்டம் ஹோட்டல், சினிமா போன்ற பொது இடங்களோடு நின்றுவிட்டது. வேலைவாய்ப்பை அது தொடவில்லை. 1966இல் டொமினிக்காவிலிருந்து வந்த அஸ்கித் சேவியர் என்ற ரயில்வே ஊழியருக்கு யூஸ்டன் நிலையத்தில் கார்ட் வேலை நிறத்தைக் காரணமாக வைத்து மறுக்கப்பட்டது. அவரும் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாதிருந்தது. பகிரங்கமாகப் பேசித்தான் அந்தத் தடையை உடைத்தார்.

1968ஆம் ஆண்டுச் சட்டம் வேலைவாய்ப்பைச் சேர்த்தது. ஆனால் பாதிக்கப்பட்டவர் தானே வழக்குப் போட முடியாது. இன உறவுகள் சபைதான் போட வேண்டும். வேலைத்தலத்தில் 'இனச் சமநிலை' பேணுவதற்காக ஆட்களை மறுக்கலாம் என்று ஒரு விதிவிலக்கும் அதில் இருந்தது. சமநிலை என்ற பெயரில் கதவைச் சாத்த இடம் கொடுத்த சட்டம் அது.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஒரு தீர்ப்பு வந்தது. வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின்சாரக் கம்பனியில் கறுப்பினத் தொழிலாளர்கள் கூலிப் பகுதியில் மட்டும் வேலை செய்தார்கள். 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதி 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. மற்றப் பகுதிகளுக்கு எடுபட எழுத்துப் பரீட்சைகளில் சித்தியடைய வேண்டும் என்று கம்பனி அதே நாளில் அறிவித்தது. உயர்பள்ளிச் சான்றிதழும் கேட்டது. கறுப்பினத்தவருக்குப் பல தலைமுறைகளாகத் தாழ்ந்த தரத்துப் பள்ளிகளே கொடுக்கப்பட்ட மாநிலம் அது. சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்த வெள்ளையர்கள் அதே வேலைகளை நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள். 1971 மார்ச்சில், கிரிக்ஸ் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது இதுதான்: நோக்கம் எதுவாக இருந்தாலும், விளைவில் ஓர் இனத்தை வெளியே நிறுத்தும் நிபந்தனை வேலைக்கு உண்மையில் தேவையானது என்று காட்டப்படாவிட்டால் அது செல்லாது.

பிரித்தானிய உள்துறை அமைச்சராக இருந்த ரோய் ஜென்கின்ஸ் தன் ஆலோசகர் அந்தோனி லெஸ்டரோடு அமெரிக்கா போனபோது இந்தக் கருத்தை அறிந்து வந்தார். 1975இன் பால் பாகுபாட்டுச் சட்டத்திலும் 1976இன் இன உறவுகள் சட்டத்திலும் மறைமுகப் பாகுபாடு என்ற புதிய வகை நுழைந்தது அப்படித்தான். பாதிக்கப்பட்டவர் தானே தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமையும் 1976இல்தான் வந்தது. நிறம், இனம், தேசியம், இன அல்லது தேசிய மூலம் ஆகியவை பாதுகாக்கப்பட்டன. இனக்குழு என்றால் என்ன என்பதை 1983இல் ஒரு சீக்கிய மாணவனின் தலைப்பாகை பற்றிய மண்ட்லா வழக்கு விளக்கியது. நீண்ட பொது வரலாறும் தனித்த பண்பாட்டு மரபும் இருந்தால் அது இனக்குழு. பொது மொழி அதற்கு வலுச் சேர்க்கும். இந்த அளவுகோலில் தமிழர் ஓர் இனக்குழு, சிங்களவர் ஓர் இனக்குழு. இங்குள்ள ஒரு வேலைத்தலத்தில் சிங்கள முகாமையாளர் தமிழரையோ, தமிழ் முகாமையாளர் சிங்களவரையோ ஒதுக்கினால் இந்தச் சட்டம் அங்கேயும் பேசும்.

இலங்கை வழக்கறிஞர் ஒருவரின் தோல்வி

புதிய சட்டத்தைச் சோதித்துப் பார்த்தவர்களில் இலங்கையரும் ஒருவர். பெரேரா எதிர் சிவில் சேர்விஸ் ஆணைக்குழு என்று சட்டப் புத்தகங்களில் இருக்கும் வழக்கு அவருடையது. இலங்கையில் வழக்கறிஞரான அவர் இங்கே அரசாங்க சேவையில் உயர்பதவிகளுக்கு விண்ணப்பித்து வந்தார். நிர்வாகப் பயிற்சிப் பதவிக்கு 32 வயதெல்லை. வளர்ந்த பிறகு கடல் கடந்து வந்தவர்கள், இங்கே பிறந்தவர்களைவிட இந்த எல்லையில் அதிகம் அடிபட்டுப் போகிறார்கள் என்றார் அவர். 1982இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த வாதத்தை ஏற்றது. ஒரே வயதெல்லை எல்லோருக்கும் ஒரே பாரமாக இருப்பதில்லை என்று பிரித்தானியச் சட்டம் ஒப்புக்கொண்ட தருணங்களில் அது ஒன்று.

சட்ட உதவியாளர் பதவிக்கான வழக்கில் அவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நேர்முகத் தேர்வில் பிரித்தானிய அனுபவம், ஆங்கிலத் திறன், பிரித்தானியக் குடியுரிமை அல்லது அதைப் பெறும் எண்ணம், வயது ஆகியவை கணக்கில் எடுக்கப்பட்டன. 1976இன் சட்டத்தில் இருந்த சொற்கள் 'தேவை அல்லது நிபந்தனை'. 1983இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சொற்களை இறுக்கமாக வாசித்தது. பிரித்தானிய அனுபவம் குறைந்தாலும் மற்றவற்றில் மிகச் சிறந்த ஒருவர் தெரிவாகியிருக்கக்கூடும். ஆகவே அவற்றில் எதுவும் முழுத் தடை அல்ல. முழுத் தடை இல்லாவிட்டால் நிபந்தனை இல்லை. நிபந்தனை இல்லாவிட்டால் மறைமுகப் பாகுபாடும் இல்லை.

இதன் விளைவு நீண்டது. 'கட்டாயம் வேண்டும்' என்று எழுதும் முதலாளி சட்டத்துக்குள் வந்தார். 'இருந்தால் விரும்பத்தக்கது' என்று எழுதியவர் தப்பினார். 1988இல் டவர் ஹம்லெட்ஸ் நகரசபைக்கு எதிரான மீர் வழக்கில், அந்த நகரசபையிலேயே முன் அனுபவம் இருப்பது பன்னிரண்டு அளவுகோல்களில் ஒன்றாக இருந்தது. பெரேரா தீர்ப்பைக் காட்டி அந்த வழக்கும் தோற்றது. அதை எழுதிய நீதிபதிகளில் ஒருவரே இந்த நிலை சட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்துகிறதா என்று ஐயப்பட்டார். இந்த ஓட்டையை அடைத்தது ஐரோப்பா. 2000ஆம் ஆண்டு இனச் சமத்துவ வழிகாட்டலைப் பின்பற்றி 2003 ஜூலையில் வந்த ஒழுங்குவிதிகள், 'ஏற்பாடு, அளவுகோல் அல்லது நடைமுறை' என்று விரிந்த சொற்களைக் கொண்டுவந்தன. அந்த மூன்று சொற்களும் இன்று 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் இருக்கின்றன.

இந்த மாற்றம் வந்து சிறிது காலத்தில்தான் நான் இங்கே முதுகலைப் படிப்பை முடித்து வேலை தேடினேன். 'யூகே எக்ஸ்பீரியன்ஸ் இல்லை' என்ற ஒரு வரிப் பதில் என்னைப் போன்ற எல்லோருடைய மின்னஞ்சலிலும் கிடந்தது. அதை வானிலை அறிக்கை போல வாசித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போவோம். அந்த ஒரு வரியின் பின்னால், எங்கள் தீவிலிருந்து வந்த ஒருவர் இருபது ஆண்டுக்கு முன் நடத்தித் தோற்ற ஒரு வழக்கு இருந்தது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

ஹோம் ஒபிஸின் பரீட்சை

இனி மீண்டும் லூனார் ஹவுஸின் சொந்தக்காரரிடம் வருவோம். ஹோம் ஒபிஸில் உயர் நிர்வாக அலுவலர் தரத்துக்கும் அதற்கு மேலும் போக விரும்பும் ஊழியர்கள் 'கோர் ஸ்கில்ஸ் அசெஸ்மென்ட்' என்ற பொதுப் பரீட்சையில் முதலில் சித்தியடைய வேண்டியிருந்தது. எந்த வேலைக்குப் போவதாக இருந்தாலும் அதே பரீட்சை. 2010இல் ஓர் ஆலோசனை நிறுவனம் முடிவுகளை ஆராய்ந்தது. கறுப்பின, சிறுபான்மை இனத்தவரின் சித்தி வீதம் வெள்ளையரின் வீதத்தில் 40.3 சதவீதமாக மட்டுமே இருந்தது. 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வீதம் இளையவர்களின் வீதத்தில் 37.4 சதவீதம். இது தற்செயலாக நேர்ந்திருக்க ஆயிரத்தில் ஒரு பங்குதான் வாய்ப்பு. ஆனால் ஏன் இப்படி என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. வினாக்களில் கோளாறா, பயிற்சியிலா, வேறெதிலுமா? கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

எசொப் முதலிய 49 ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். காரணத்தைக் காட்டாமல் பாகுபாட்டைக் காட்ட முடியாது என்று முதல் தீர்ப்பாயம் சொன்னது. மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை மாற்றியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி திருப்பியது. 2017 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் லேடி ஹேல் தீர்ப்பு எழுதினார். குறித்த அளவுகோல் ஒரு குழுவை ஏன் பின்தள்ளுகிறது என்று நிரூபிக்கும்படி சட்டம் ஒருபோதும் கேட்டதில்லை. பின்தள்ளுகிறது என்று காட்டினால் போதும். அந்தக் குழுவில் எல்லோரும் தோற்றிருக்க வேண்டும் என்பதும் இல்லை என்றார். மறைமுகப் பாகுபாட்டுச் சட்டத்தின் இலக்கு கண்ணுக்குத் தெரியாத தடைகள். தடை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதை அகற்ற வழக்கே தேவைப்பட்டிருக்காது.

வழக்கு அதோடு வென்றதாகிவிடாது. ஒரு நியாயமான இலக்குக்காக, அளவுக்கு மீறாத வழியில் அந்தப் பரீட்சை வைக்கப்பட்டது என்று முதலாளி காட்டினால் அவர் தப்பலாம். எசொப் வழக்கு அந்தக் கேள்விக்காகத் தீர்ப்பாயத்துக்குத் திரும்பியது. அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட நயீம் வழக்கில், சிறைச்சாலையில் பணியாற்றிய முஸ்லிம் மதகுரு சம்பள அளவுத்திட்டம் தன்னைப் பின்தள்ளியதைக் காட்டினார். ஆனால் அரசின் நியாயம் ஏற்கப்பட்டதால் தோற்றார்.

என் தொழிலில் இந்தத் தீர்ப்புக்குத் தனிப் பெறுமதி இருக்கிறது. இன்று விண்ணப்பங்களை முதலில் வடிகட்டுவது மென்பொருள். அது ஏன் ஒருவரைத் தள்ளியது என்று அதை எழுதியவருக்கே சில வேளை சொல்லத் தெரியாது. 'இயந்திரத்துக்கு நிறம் தெரியாது' என்பது கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். தனிச்சிங்களச் சட்டத்திலும் தமிழர் என்ற சொல் இருக்கவில்லை. 19ஆம் பிரிவு கேட்பது விளைவை.

காசும் காலமும்

உரிமை இருப்பதும் அதைப் பயன்படுத்துவதும் வெவ்வேறு. பாகுபாடு காட்டுபவர் அதை எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதில்லை. 1991இல் கிங் வழக்கில், சீனாவோடு உறவு வளர்க்கும் அமைப்பொன்றின் பதவிக்கு விண்ணப்பித்த முப்பது பேரில் எட்டு வெள்ளையர் அழைக்கப்பட்டார்கள். விண்ணப்பித்த ஐந்து சீன இனத்தவரில் ஒருவரும் அழைக்கப்படவில்லை. அப்படி ஒரு தோற்றம் இருந்து, முதலாளியிடம் திருப்தியான விளக்கம் இல்லாவிட்டால், தீர்ப்பாயம் பாகுபாடு என்ற முடிவுக்கு வரலாம் என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். இன்றைய சட்டத்தின் 136ஆம் பிரிவு இன்னொரு படி மேலே போகிறது. போதிய சான்றை நீங்கள் காட்டினால், இல்லை என்று நிரூபிக்கும் சுமை முதலாளிக்கு மாறுகிறது.

காலக்கெடு குறுகியது. 1976இலிருந்து சட்டம் தந்தது மூன்று மாதம்தான். வீட்டில் யோசித்து, கோயிலில் நேர்ந்து, தெரிந்தவரிடம் விசாரித்து முடிவதற்குள் அது போய்விடும். 2013 ஜூலையில் அரசு கட்டணமும் வைத்தது. பாகுபாட்டு வழக்கொன்றை விசாரணைவரை கொண்டுபோக 1,200 பவுண். வழக்குகள் மூன்றில் இரண்டு பங்கு விழுந்துபோயின. யூனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் 2017 ஜூலை 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணத்தைச் சட்டவிரோதம் என்று ஒழித்தது. நீதிமன்றத்துக்குப் போகும் வழி அடைபட்டால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வெறும் காகிதமாகிவிடும் என்பது அதன் அடிப்படை. கோடீஸ்வரனின் வழக்கு நினைவுக்கு வருகிறது. அங்கே கேள்வியைத் தோற்கடித்தது எதிர்வாதம் இல்லை. கேட்கும் இடம் இல்லாமல் போனதுதான்.

எங்கள் கடைகளும்

இதுவரை எழுதியதில் நாங்கள் எப்போதும் விண்ணப்பதாரர். இன்று குரோய்டனிலும் தோர்ன்டன் ஹீத்திலும் நோர்பரியிலும் நாங்கள் முதலாளிகளும்தான். சமத்துவச் சட்டம் ஆளெண்ணிக்கை பார்ப்பதில்லை. ஒருவரை மட்டும் வேலைக்கு வைத்திருக்கும் கடைக்காரரும் அதற்குக் கட்டுப்பட்டவர்.

சாதியை எடுத்துக்கொள்வோம். இனம் என்பதில் சாதியையும் சேர்க்க அமைச்சருக்கு 2010இன் சட்டம் அதிகாரம் கொடுத்தது. 2013இல் நாடாளுமன்றம் அதைக் கடமையாக்கியது. ஐந்து ஆண்டு அது நிறைவேற்றப்படவில்லை. 2018 ஜூலையில், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும், அந்தக் கடமையை நீக்கிவிடப்போகிறோம் என்று அரசு அறிவித்தது. அரசு சுட்டிக்காட்டியது டிர்கி வழக்கு. பீகாரிலிருந்து வீட்டு வேலைக்கு அழைத்துவரப்பட்ட ஓர் ஆதிவாசிப் பெண்ணின் வழக்கில், சாதி சில வேளைகளில் இன மூலத்துக்குள் அடங்கலாம் என்று 2014 டிசம்பரில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. 'சில வேளைகளில்', 'அடங்கலாம்' என்பவை வழக்கறிஞருக்குப் போதும். வேலைக்கு வருபவரிடம் "ஊரில எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி" என்று கேட்டுவிட்டு முகம் மாறுகிற முதலாளிக்கு அவை எச்சரிக்கையாக விளங்குமா என்பது வேறு விஷயம்.

மொழியும் அப்படித்தான். 'தமிழ் தெரிந்தவர் தேவை' என்று கடைக் கண்ணாடியில் ஒட்டும் அறிவித்தல் 19ஆம் பிரிவின் கண்ணுக்கு ஓர் அளவுகோல். தமிழர் அல்லாதவர்களை அது பின்தள்ளுகிறது. காசுமேசையில், வாடிக்கையாளரில் பெரும்பாலோர் தமிழ் பேசும் இடத்தில், அதற்கு நியாயம் காட்டலாம். பின்னால் களஞ்சிய அறையில் அரிசி மூட்டை அடுக்குபவருக்கு அது ஏன் தேவை என்று மொன்டேகு கோர்ட்டில் ஒருவர் கேட்டால், கடைக்காரர் பதில் வைத்திருக்க வேண்டும். கேகாலைக் கச்சேரியில் ஏற்கனவே வேலையைச் செய்துகொண்டிருந்த ஓர் எழுதுவினைஞருக்கு அந்தப் பரீட்சை எதற்கு என்று கோடீஸ்வரன் கேட்டதும் அதைத்தான்.